சேர்வராயன் மலையும் காட்டுத்தீயும்

தீயைப்போல நண்பனும் இல்லை. தீயைப்போலப் பகைவனும் இல்லை. அடுப்பில் இருக்குங்கால் அன்னம் சமைக்கின்றது. கூரைமேல் ஏறினால் குடியைக் கெடுக்கின்றது. தீயின் இயல்பு இரண்டிடத்தும் ஒன்றே. அஃது எவர் கையில், எவ்விடத்தில், எக்காலத்தில் இருக்கின்றது என்பதே நன்மை தீமைகளை நிச்சயிக்கின்றது. வீட்டிலே அடுப்பு மூட்டும் ஒவ்வொரு தாயும் இதனை அறிவாள். காடுகளின் விஷயத்தில் மாத்திரம் நம் தேசத்துச் சட்டம் இவ்வெளிய உண்மையை நூற்று நாற்பது வருஷங்களுக்கு மேலாக மறந்திருக்கின்றது என்பது எமது கருத்து. அக்கருத்தை இச்சஞ்சிகையைப் படிக்கும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவராகிய அன்பர்க்கும் இயன்றவரை விளக்கப் புகுகின்றோம்.

சேலம் நகரத்திற்கு வடகிழக்கே நிமிர்ந்து நிற்கும் சேர்வராயன் மலையை நம்மவருள் அறியாதார் சிலரே. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவோர், ஒரே பாதையில் பல தேசங்களைக் கண்டாற்போலப் பலவகைக் காடுகளைக் காண்பர். அடிவாரத்தில் முள்ளடர்ந்த புதர்க்காடு. நடுச்சரிவில் மூங்கிலும் உசிலையும் நெல்லியும் கடுக்காயும் சந்தனமும் கலந்து நிற்கும், கோடையில் இலையுதிர்க்கும் காடு. மேலே மலைமடிப்புகளில் எஞ்சி நிற்கும் குளிர்ந்த சோலைகள். அவற்றைச் சூழக் காப்பித் தோட்டங்கள். இம்மலையில் காப்பிப் பயிரை 1820-ம் வருஷத்தை அடுத்த ஆண்டுகளில் நாட்டியவர் சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை என்பர். அவருக்கு நெடுங்காலம் முன்னரே இம்மலையைத் தமதாகக் கொண்டு வாழ்ந்தவர், இன்றும் வாழ்பவர், மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள். மலையை ஆள்வோர் என்பதே அப்பெயரின் பொருள். கேரள தேசத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. இவர்கள் தாய்மொழி தமிழே. காஞ்சிபுரத்தினின்று வந்தோம் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. மலையின் உச்சியிலே குகைக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் சேர்வராயன் இவர்கள் தெய்வம்.

ஏற்காட்டு ஏரியின் மிகைநீர் வழிந்தோடி, சுமார் முந்நூறு அடி உயரத்தினின்று வீழுமிடமே கிளியூர் நீர்வீழ்ச்சி. மழைக்காலத்தில் வெள்ளிச் சரிகை போலத் தோன்றும் அவ்வருவி கோடையில் கரும்பாறையாக நிற்கும். அருவி வறளும் அந்நாட்களே காட்டுத்தீயின் நாட்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஆள் உயரம் வளர்ந்த புல், தை கழிந்ததும் காய்ந்து வைக்கோலாகின்றது. மாசியில் மரங்கள் இலையுதிர்க்கின்றன. பங்குனியில் முழங்கால் அளவு சருகு குவிந்துவிடுகின்றது. அதன்பின் ஒரு பொறி போதும்.

அப்பொறி எங்கிருந்து வருகின்றது? மூங்கிலோடு மூங்கில் உரசித் தீப்பிறக்கும் என்று சிறுவயதில் யாமெல்லாம் படித்தோம். இந்நாட்டு வறண்ட காடுகளை ஆராய்ந்தோர், தீ பெரும்பாலும் மனிதர் கையினாலேயே பிறக்கின்றது என்று ஒருமுகமாகக் கூறுகின்றனர். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இளம்புல் தளிர்க்கவேண்டுமென்று வைப்பதுண்டு. பட்டா நிலத்துக் குப்பையை எரிக்கையில் தீ எல்லை கடப்பதுண்டு. வேட்டையாடுவோர் விலங்குகளை வெருட்ட வைப்பதுண்டு. சாலையோரத்தில் உணவு சமைத்த உல்லாசப் பயணியர் அணையாத கொள்ளியை விட்டுச் செல்வதுமுண்டு. பாதி புகைத்த சுருட்டுத் துண்டை எறிவதுமுண்டு. காரணம் பலவாயினும் கை ஒன்றே. அது மனிதன் கை. ஆகவே காட்டுத்தீயைப் பற்றிய சட்டம், உண்மையில் மரங்களைப் பற்றிய சட்டமன்று. மனிதரைப் பற்றிய சட்டமாம்.

சில ஆண்டுகளுக்கு முன் பங்குனி மாதத்தில் யாமும் எம் கலாசாலைத் தோழர் சிலரும் கிளியூரை அடுத்த சரிவுகளில் செடிகொடிகளைக் குறித்துக்கொள்ளும் பொருட்டுச் சென்றிருந்தோம். மாலை வேளையில் எதிர்ச்சரிவில் புகை எழுந்தது. இருட்டியதும் அப்புகையின் அடியில் செந்நிறக் கோடொன்று தோன்றி, பாம்பு ஊர்வதுபோல மேல்நோக்கி ஏறிற்று. தீ மலைச்சரிவில் ஏறும் வேகம் சமதரையில் செல்லும் வேகத்தினும் மிகுதி. வெம்மை மேல்நோக்கிச் சென்று, முன்னுள்ள புல்லைத் தீ தொடுமுன்னரே உலர்த்திவிடுகின்றது. சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. ஊரார் பதினைவர் இருபதின்மர் அரிவாளும் பச்சிலைக் கொம்புகளும் எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். எவரும் தீக்கு எதிரே சென்று நிற்கவில்லை. பக்கவாட்டில் சென்று, ஒரு பாறைத் தொடரை எல்லையாகக் கொண்டு, சருகைக் கூட்டி வழிவிலக்கி, எஞ்சியதைப் பச்சைக் கொம்பால் அடித்து அணைத்தனர். நள்ளிரவுக்குமேல் அத்தீ அடங்கிற்று. அவர்களுக்கு அங்கே உத்தரவிட்டவர் எவருமிலர். கூலி கொடுத்தவரும் எவருமிலர்.

மறுநாள் அவருள் மூத்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். "ஐயா, இவ்வளவு நன்றாகத் தீயை அறிந்த நீங்கள், இது வருமுன் காக்க வழி செய்யலாகாதா?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு, "தை மாசம் பனி ஈரத்திலே வைச்ச நெருப்பு முழங்காலுக்கு மேலே ஏறாது, தம்பி. பங்குனியிலே வர்ற நெருப்பு மரத்து உச்சிக்கு ஏறும். எங்க பாட்டன் காலத்திலே தையிலேயே புல்லைக் கொளுத்தி வழி விட்டுடுவாங்க. இப்போ தையிலே குச்சி உரசினா வழக்கு. பங்குனியிலே எரிஞ்சா யாரு வைச்சதுன்னு எங்களையே கேள்வி. அதனாலே புகையைக் கண்டாலும் சில பேரு வாயைத் திறக்கிறதில்லை" என்றார். வேறு எவ்வித வாதமும் அவர் செய்யவில்லை. ஆயினும் ஒரு பெரிய அரசியல் நூல் உரைக்கவேண்டிய பொருள் முழுதும் அச்சொற்களில் அடங்கியிருந்ததாக எமக்குப் பட்டது.

நிற்க. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சரித்திரத்தில் தேடுவோம். சென்னை மாகாணத்தில் 1856-ம் வருஷத்தில் கிளெக்கார்ன் என்னும் வைத்தியர் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். காட்டை வெட்டி எரித்துப் புனம் பயிரிடும் வழக்கத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். 1864-ம் வருஷத்தில் ஜெர்மானியராகிய பிராண்டிஸ் துரை இந்தியா முழுமைக்கும் வனத்துறைத் தலைவரானார். அக்காலத்திலேயே மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் தீ புகாமல் காக்கும் முயற்சி தொடங்கிற்று. பின்னர் 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் பிறந்தது. அதன்படி ஒதுக்கப்பட்ட காடுகளில் தீ வைத்தல் குற்றமாயிற்று. அச்சட்டம் இன்று தமிழ்நாடு வனச் சட்டம் என்னும் பெயரோடு நம் மாநிலத்தில் நடந்துவருகின்றது.

அச்சட்டத்தை ஆக்கியோர் கெட்ட எண்ணத்தினர் என்று யாம் கூறோம். இருப்புப்பாதைக்கும் கப்பலுக்குமாக மரங்கள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. ஐரோப்பாவின் ஈரக்காடுகளில் தீ என்பது கேடு ஒன்றே. அவர்கள் கற்ற பாடம் அது. ஆனால் ஆறு மாதம் மழையின்றி வறண்டு கிடக்கும் நம் மலைச்சரிவுக்கும் ஐரோப்பாவின் காட்டுக்கும் உள்ள பேதம் அவர்கள் கணக்கில் ஏறவில்லை. குறிஞ்சித் திணையின் தினைப்புனத்தைப் பாடிய நம் பழம்புலவர், காட்டை எரித்துப் பக்குவம் செய்த நிலத்தில் விதை விதைத்ததைக் குற்றமாகக் கண்டாரில்லை. அப்புனங்கள் பெருகிய ஜனத்தொகைக்குப் பொருந்தா என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் தீயைக் கையாளும் கலை புனத்தோடு ஒருங்கே தொலையவேண்டுமென்பதில்லை.

வியப்பு என்னவெனில், இச்சட்டத்தின் குறையை முதலில் கண்டவர் அச்சட்டத்தை நடத்திய வன அதிகாரிகளே. பர்மா தேசத்தில் பணியாற்றிய ஸ்லேட் என்பவர் 1896-ம் வருஷத்தில், அங்குத் தீத்தடுப்பு மிதமிஞ்சிப் போய்விட்டது என்று வெளிப்படையாக எழுதினார். தீயை முற்றும் விலக்கிய இடங்களில் மூங்கிலும் புதரும் அடர்ந்து, தேக்கங்கன்றுகள் வெளிச்சமின்றி முளைக்காமற் போயின. நெடிய விவாதத்துக்குப் பின் அந்நாட்டுத் தேக்குக் காடுகள் பலவற்றில் பொதுத் தீத்தடுப்பைக் கைவிட்டு, பருவத்தின் தொடக்கத்திலேயே இலேசாக எரித்துவிடும் முறையைக் கைக்கொண்டனர். வட இந்தியாவின் சால் மரக் காடுகளிலும் இவ்வாறான ஐயங்கள் எழுந்தன. அனுபவம் கற்பித்த பாடம் இவ்வாறு அதிகாரிகளின் ஏடுகளில் ஏறிற்று. சட்டத்தின் நெஞ்சில் ஏறவில்லை.

கடல்கடந்த தேசத்தாரும் இதே பள்ளியில் இதைவிட அதிகக் கட்டணம் செலுத்திப் படித்தனர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1910-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஐடஹோ, மான்டானா முதலிய பகுதிகளில் எழுந்த பெருந்தீ சுமார் முப்பது லட்சம் ஏக்கரை எரித்து, எண்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதன் அச்சத்தால், எங்கே தீ தோன்றினும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அதனை அடக்கிவிட வேண்டும் என்று அந்நாட்டு வன இலாகா 1935-ம் வருஷத்தில் விதி செய்தது. சிறு தீக்களெல்லாம் அணைக்கப்பட்டன. சருகும் விறகும் ஆண்டுதோறும் குவிந்தன. இறுதியில் எவராலும் அணைக்கவியலாத பெருந்தீக்கள் வரலாயின. 1978-ம் வருஷத்தில் அவ்விதியை அவ்விலாகாவே நீக்கி, திட்டமிட்டு எரிக்கும் முறைக்கு இடங்கொடுத்தது. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் ஆதிக்குடிகள் கோடையின் தொடக்கத்திலேயே சிறு தீ வைத்துப் பெருந்தீயைத் தடுக்கும் பழைய வழக்கத்தை, 2006-ம் வருஷம் தொடங்கி ஊதியம் பெற்றே நடத்திவருகின்றனர். தண்டனைக்குரிய செயலாக ஒருகால் எண்ணப்பட்டது அங்கே உத்தியோகமாயிற்று.

தண்டனையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். நம் மாநிலத்துக்கு அப்பால் பல மாநிலங்களில் நடக்கும் 1927-ம் வருஷத்து இந்திய வனச் சட்டத்தில் இரு விதிகள் உள. காட்டில் உரிமை அனுபவிப்போர் தீயணைக்க உதவக் கடமைப்பட்டவர் என்பது ஒன்று. வேண்டுமென்றோ பெருங்கவனக்குறைவாலோ தீ நேர்ந்த காட்டில், மேய்ச்சலுரிமையையும் விளைபொருள் உரிமையையும் அரசு நிறுத்திவைக்கலாம் என்பது மற்றொன்று. ஒருவன் செய்த பிழைக்கு ஊர் முழுதும் பட்டினி கிடக்கலாம் என்பதே இரண்டாவது விதியின் பயன். இவ்விதிக்குட்பட்ட ஊரில் புகையைக் கண்டவன் ஓடிச்சென்று சொல்லத் துணிவானோ என்பதை வாசகர் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

ஜனங்களின் உரிமையைப் பறித்துவிட்டுக் காட்டைக் காக்க முடியாது என்பதற்கு இமயமலைச் சாரலில் உள்ள குமாவுன் பிரதேசமே சாட்சி. அங்கே 1911-ம் வருஷம் முதல் பெரும்பரப்பான காடுகளைச் சர்க்கார் ஒதுக்கிக்கொண்டனர். 1921-ம் வருஷத்தில் ஜனங்கள் கொதித்தெழுந்து பைன் காடுகளைக் கொளுத்தினர். அதன்பின் சர்க்காரே குறைகேட்கும் கமிட்டி ஒன்றை நியமித்து, காடுகளில் ஒரு பகுதியை விடுவித்தனர். 1931-ம் வருஷத்தில் கிராமத்தார் தாமே காட்டை நிர்வகிக்கும் வனப் பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. தன்னதென்று எண்ணாத காட்டை எரியவிட்ட ஜனங்கள், தம்மதாகிய காட்டைத் தாமே காத்தனர்.

இனி நம் மாநிலத்துத் துயரத்தைக் கூறுவோம். 2018-ம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி, தேனி ஜில்லாவில் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றிருந்த இளைஞரும் பெண்மணிகளும், புல் மூடிய சரிவில் தீயிடை அகப்பட்டனர். இருபதுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். தமிழுலகம் முழுதும் அழுதது. அதன்பின் மலைப்பயணத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன; அவை வேண்டுவனவே. ஆயினும் மாசி மாத முடிவில் ஆள் உயரப் புல் அச்சரிவில் எரியாது ஏன் காத்திருந்தது என்ற கேள்வியைக் கேட்டவர் மிகச் சிலர். 2020-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் கேரள தேசத்துத் திருச்சூர் ஜில்லாவில் கொற்றம்பத்தூர் என்னுமிடத்தில், தீயணைக்கச் சென்ற வனக்காவலர் மூவர் தாமே தீக்கிரையாயினர். பச்சைக்கொம்பைக் கையிற் கொண்டு பெருந்தீயின் எதிரே நிற்கும் எளிய மனிதனே, நம் கொள்கையின் குறைகளுக்கெல்லாம் இறுதியில் விலை கொடுக்கின்றான்.

அறிவியல் இக்காலத்தில் அரிய உதவிகளைச் செய்துவருகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிலையம் 2004-ம் வருஷம் முதல் செயற்கைக்கோளின் கண்கொண்டு தீ எழுந்த இடங்களைக் கண்டறிந்து மாநிலங்களுக்கு அறிவித்து வருகின்றது. முன்னர் ஒரு கிலோமீட்டர் சதுரமாகக் கண்ட அக்கண், பின்னர் வந்த கருவியினால் 375 மீட்டர் சதுரம் வரை கூர்ந்து காண்கின்றது. நாட்டின் வனப்பரப்பில் நூற்றுக்கு 36 பங்குக்கு மேல் அடிக்கடி தீப்பற்றத் தக்கது என்று அந்நிலையத்தின் 2019-ம் வருஷத்து அறிக்கை கூறிற்று. தீயைப் பற்றிய தேசியச் செயல்திட்டம் ஒன்றும் 2018-ம் வருஷத்தில் வெளிவந்தது. அதற்கெனத் தனித் திட்டத்தில் மத்திய அரசும் நம்போன்ற மாநிலங்களும் அறுபதுக்கு நாற்பதாகச் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆயினும் வானத்திலிருக்கும் கண் எரியும் தீயைக் காணுமேயன்றி எரியப்போகும் சருகைக் கூட்டித்தள்ளாது. கைத்தொலைபேசியில் செய்தி வந்து சேர்ந்தபின் மலையேற வேண்டியவன், பச்சைக்கொம்பு பிடித்த அதே மனிதன்தான்.

அண்டை மாநிலத்தில் எமக்கு மிக நெருங்கிய உதாரணம் ஒன்றுண்டு. கர்நாடகத்தில் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் என்னும் பழங்குடியினர், கோடை முற்றுமுன்னரே தரையிலுள்ள சருகை மெல்ல எரித்துவந்தனர். அதனைத் தம் மொழியில் சருகுத்தீ என்னும் பொருள்படத் தரகு பெங்கி என்பர். 1974-ம் வருஷத்தில் அக்காடு விலங்குச் சரணாலயமானபின் அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. அதன்பின் நேர்ந்ததை அவர்களே சொல்லுகின்றனர், ஆராய்ச்சியாளரும் எழுதியிருக்கின்றனர். உண்ணிச்செடி எங்கும் பரந்து காட்டின் அடியை மூடிற்று, நெல்லி மரங்களைப் புல்லுருவி பற்றிக்கொண்டது, புல் குறைந்தது, எரியும்போதோ, உண்ணிச்செடியே ஏணியாகித் தீயை மரத்தின் தலைக்கு ஏற்றிற்று. அமெரிக்கக் கண்டத்தினின்று அழகுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட இச்செடி, நம் சேர்வராயன் சரிவுகளையும் விடவில்லை. 2011-ம் வருஷத்தில் சோலிகருக்கு அப்புலிக்காப்பகத்திலேயே சமுதாய வனவுரிமை வழங்கப்பட்டது. தீ வைக்கும் உரிமை அதில் தானே அடங்கிவிடவில்லை. எனினும் அவர்கள் சொல் கேட்கப்படும் இடம் ஒன்று பிறந்தது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "தீவைக்க அனுமதித்தால் எல்லோரும் வைப்பர், சந்தனமும் சோலையும் காப்பித் தோட்டமும் சாம்பலாகுமே" என்பர் சிலர். இது தள்ளத்தக்க ஆட்சேபமன்று. சந்தன மரம் தீயைச் சிறிதும் பொறாதது; பிற மரங்களின் வேரைப் பற்றி வாழும் அதற்கு, அயலிலுள்ள செடி எரிந்தாலும் கேடு. சோலையின் மரங்கள் தீயை அறியாதவை. ஒருமுறை எரிந்தால் தலைமுறைக்கும் மீளா. வறண்ட காட்டிலும் ஆண்டுதோறும் தீ புகுந்தால் கன்றுகள் மாண்டு, கிழமரங்களே எஞ்சும். சாம்பல் படிந்த மண்ணை முதல் மழை வாரிச்செல்லும். கிளியூர் அருவிக்கு நீர் ஊட்டும் ஊற்றுக்களும் குன்றும். மோசே கண்ட முட்செடி எரிந்தும் வெந்துபோகவில்லை என்று வேதத்தில் படிக்கின்றோம், அஃது அற்புதம். நம் காட்டுச் செடிகளுக்கு அவ்வற்புதத்தை எதிர்பார்த்தல் ஆகாது. ஆகவே, எங்கும் எரியுங்கள் என்று யாம் சொல்லவில்லை. எங்கே ஒருபோதும் எரிக்கலாகாது, எங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பனிக்காலத்தில் எரிக்கலாம், அதனை எவர் செய்வது என்பதைப் பிரித்தறியும் சட்டம் வேண்டும் என்கின்றோம்.

இதில் புதுமை யாதுமில்லை. தீத்தடுப்புக் கோடுகள் என்று வன இலாகாவினரே ஆண்டுதோறும் காட்டினூடே நீண்ட பட்டைகளில் புல்லை வெட்டி, கோடைக்கு முன்னரே எரித்துவருகின்றனர். காலத்தில் வைத்த சிறு தீ, காலமல்லாக் காலத்துப் பெருந்தீக்கு மருந்து என்பதை அவர்கள் செயலே ஒப்புக்கொள்கின்றது. இலாகாவின் கையில் மருந்தாக இருப்பது மலையாளி முதியவர் கையில் மாத்திரம் நஞ்சாவது எங்ஙனம்?

ஆதலின் எமது சிற்றறிவுக்கு எட்டியவரை நான்கு சீர்திருத்தங்கள் இன்றியமையாதன. முதலாவது, ஒவ்வொரு மலைக்கும் தனித்தனியே காட்டின் வகையறிந்து, தீ முற்றும் விலக்கவேண்டிய பகுதிகளையும், தை மாதத்தில் இலேசாக எரிக்கத்தக்க பகுதிகளையும் வரைந்து, அதனை வனச் செயல்திட்டத்தில் சேர்த்தல். சேர்வராயன் மலையில் சில சரிவுகளில் மாத்திரம் முதலில் சோதித்து, எரித்த இடத்தையும் எரிக்காத இடத்தையும் பத்தாண்டு அளந்து பார்த்தபின் விரிப்பதே விவேகம். இவ்விஷயத்தில் அறிஞருள்ளும் அபிப்பிராய பேதம் உண்டு. அளவே அதனைத் தீர்க்கும்.

இரண்டாவது, இதனை மலைமக்களின் கிராம சபைகளோடு சேர்ந்து செய்தல். 2006-ம் வருஷத்து வனவுரிமைச் சட்டம், சமுதாய வனவளத்தைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் காட்டுவாசிகளுக்கு உரிமை அளித்துள்ளது. 1882-ம் வருஷத்துச் சட்டத்தை இதனோடு பொருந்தத் திருத்துதல் சட்டசபையின் கடன். அனுமதி பெற்று, நாள் குறித்து, ஊரார் முன்னிலையில் வைக்கும் தீயையும், கள்ளமாக வைக்கும் தீயையும் ஒரே குற்றமாகக் காணும் சட்டம் நீதியைக் காணாது.

மூன்றாவது, தீக்காவலர்க்குப் போதிய ஊதியமும் காப்புறுதியும் காலணியும் கருவியும் பயிற்சியும் அளித்தல். சில மாதங்களுக்கு மாத்திரம் கூலிக்கு அமர்த்தி, மழை வந்ததும் விலக்குதல் வழக்கமாய் இருக்கலாகாது. மழைக்காலத்தில் அவர்களுக்கு வேலையில்லையோ? உண்ணிச்செடியைக் களையும் வேலை ஆயுட்காலத்துக்கும் போதும். 2022-ம் வருஷத்தில் நம் மாநில அரசு அன்னியக் களைச்செடிகளைப் பற்றிய கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கின்றது. மலை மாதேசுவரன் மலையில் பழங்குடியினர் அவ்வுண்ணிச்செடியின் தண்டைக்கொண்டு நாற்காலியும் மேசையும் செய்கின்றனர். களையும் காசாகும், காடும் தீக்கு இரை குறையும்.

நான்காவது, பணம் பருவத்தோடு வருதல். தையில் செலவிடவேண்டிய பொருள் பங்குனியில் வந்தால், அது தீயை அணைக்கவே செலவாகும், தடுக்கச் செலவாகாது. எரிந்த பரப்பைக் கணக்கிட்டு அதிகாரிகளை அளப்பதோடு, எரியாமற் காத்த ஊர்களைக் கணக்கிட்டு அவ்வூர்களுக்கு நன்றிப் பரிசு வழங்குதலும் நன்று. புகையைக் கண்டு முதலில் ஓடிவந்து சொன்னவனைக் குற்றவாளியாக அல்ல, காவலனாக நடத்தும் வழக்கம் ஏற்படின், அதுவே வானத்துக் கண்ணிலும் சிறந்த கண்ணாகும்.

மாணவ சகோதர சகோதரிகளே! சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நம் கையில் இல்லையென்று சும்மா இருத்தல் ஆகாது. கோடையில் மலையேறும் நம்முள் எத்தனை பேர், சமைத்த அடுப்பின் கனலுக்குத் தண்ணீர் ஊற்றித் தொட்டுப் பார்த்தபின் நகர்கின்றோம்? தாவரநூல் பயிலும் மாணவர், எரிந்த சரிவொன்றில் ஆண்டுதோறும் கன்றுகளை எண்ணி எழுதி வைப்பாராயின், அக்கணக்கு எந்தச் சர்க்கார் அறிக்கைக்கும் குறைந்ததாகாது. சரித்திரம் பயிலுவோர் கிளியூர் முதலிய ஊர்களின் முதியோரிடம், எம்மாதத்தில், எக்காற்றில், எப்புல்லை எரித்தனர் என்று கேட்டு எழுதி வைக்கலாம். அவ்வறிவு ஏட்டில் இல்லை, அவர்கள் நாவிலேயே இருக்கின்றது, அந்நாவுகளும் ஆண்டுதோறும் குறைகின்றன. பழைய மாணவருள் வன இலாகாவிலும் நீதிமன்றங்களிலும் சட்டசபையிலும் பணிபுரிவோர் இருப்பின், அவர்கள் இதனைச் செவிமடுத்தருள வேண்டுகின்றோம்.

கடவுள் மனிதனுக்குத் தோட்டத்தைக் கொடுத்தபோது, அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று இரண்டு கடமைகளையும் சேர்த்தே கொடுத்தார் என்பது நம் கலாசாலையின் வேதபாட வகுப்பில் யாம் கற்றது. காத்தல் என்று சொல்லி வேலியிட்டு, பண்படுத்துவோனை வேலிக்கு வெளியே நிறுத்தினோம், காவலும் நிலைக்கவில்லை. இரண்டையும் மறுபடி ஒருங்கே சேர்க்கும் சட்டம் வரும் நாள், தை மாதத்துப் பனியில் மலைச்சரிவில் எழும் சிறு புகையைக் கண்டு அஞ்சாமல், அங்கே அறிந்தவர் கைகள் வேலை செய்கின்றன என்று நகரத்தார் நிம்மதியாகக் கூறிக்கொள்ளும் நாளாகும். அந்நாள் விரைந்து வர இறைவன் அருள்வாராக.